படிக்கல் பிடுங்கப்பட்ட ஆறு

இராஜேஸ்வரி கோபக்காரி. நாகமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஒருமுறை தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போகும் தண்ணீரை நான்கு நாள் நிறுத்திவிட்டு, வால்வுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர் அவர். புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காகப் பங்களாத் தோட்டக்காரன் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகும் குழாயில் யாருக்கும் தெரியாமல் ஒரு துளை போட்டிருந்தான். "தொளைய அடைச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க, தொறந்து விடுறேன்" என்று துரைக்கே ஆள் அனுப்பினார். ஐந்தாம் நாள் காலையில் துளை அடைபட்டது.

அவரை முதலில் சந்தித்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் அரசாங்க விசாரணைகளில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்க்கிறவன். ஊர் கம்பளை. கடந்த ஜனவரியில் ஒரு பிரதேச செயலகத்தில் நடந்த அனர்த்த விசாரணைக்கு என்னை அழைத்திருந்தார்கள். சாட்சி சொல்ல வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த அறையில் நடந்ததை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைப் பிறகு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமே போய்க் கேட்டேன்.

இராஜேஸ்வரிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். கலஹாவுக்கு மேலே, பஸ் போகும் கடைசி வளைவையும் தாண்டி, சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது கீழ்ப் பிரிவு. அதை ஒட்டி ஓர் ஆறு இறங்குகிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. லயத்தில் கல்லாறு என்றால்தான் தெரியும். நடந்து ஏறுவதற்கே கையூன்ற வேண்டிய அளவுக்குச் செங்குத்தான ஆறு. பதினொரு வருடத்துக்கு முன்னால் அதன் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறிய அணை கட்டி, அங்கிருந்து அறுபத்து நான்கு குடும்பங்களுக்குக் குழாய் இழுத்தார்கள். அணையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது குடிநீர்ச் சங்கம் இராஜேஸ்வரியைத் தேர்ந்தெடுத்தது. சண்டை பிடிக்கக்கூடிய ஆள் வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

வேலை கடினமானது. மழை பெய்தால் ஆறு மேலேயிருந்து கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வந்து அணைக்குப் பின்னால் குவிக்கும். குழாய்வாயின் வலை அடைபடும். இராஜேஸ்வரி கல் நெம்பும் அலவாங்கும் மண்வெட்டியும் மண் அள்ளும் இரும்புத் தாச்சியும் கொண்டு ஏறிப் போய் அதை வாரிக் கொட்ட வேண்டும். அரை நாள் பிந்தினால் அறுபத்து நான்கு வீட்டிலும் பானை காய்ந்துபோகும்.

அவரை எரிச்சல்படுத்தியது வேலையல்ல, ஆற்றின் ஒழுங்கீனம். இரண்டு நாள் விடாமல் கொட்டும் மழைக்குப் பயந்து அடித்துப் பிடித்து ஏறிப் போனால் அணைக்குப் பின்னால் ஒரு தாச்சி மணல்கூட இருக்காது. இன்னொரு நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் பெய்த மழைக்கு அணை விளிம்பு வரைக்கும் கல் நிறைந்து கிடக்கும். இவ்வளவு மழைக்கு இவ்வளவு கல் என்று ஏன் இல்லை?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் அணைக்கு மேலே நடக்கத் தொடங்கினார். மேலே ஆறு படி படியாக இருந்தது. அலுமாரி அளவு, சில இடங்களில் சின்ன லொறி அளவு பாறாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் போய் ஆற்றின் குறுக்கே கிடந்தன. தண்ணீர் ஒவ்வொன்றிலிருந்தும் குதித்து ஒரு குழியில் விழுந்து, அடுத்ததற்குப் போயிற்று. அணையிலிருந்து மேலே பாறைத்தளம் வரைக்கும் நாற்பத்திரண்டு படிகள். ஒவ்வொரு படிக்கும் பின்னால் சின்னக் கல்லும் மணலும் மெத்தை போட்ட மாதிரி தங்கியிருந்தன. மழை வரும்போது அவை அசைவதில்லை. ஏதாவது ஒரு படியில் ஒரு பெரிய கல் புரண்டால்தான் அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் கீழே வரும். பிறகு அந்தப் படி தானாக மறுபடி இறுகும் வரைக்கும் வந்துகொண்டேயிருக்கும்.

அதிலிருந்து இராஜேஸ்வரி மழையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படிகளைப் பார்த்தார். எந்தப் படி ஆடுகிறது, எந்தக் குழி தூர்ந்திருக்கிறது என்று மாதத்துக்கு இரண்டு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கு ரெண்டு நாள் வேலை இருக்கு" என்றோ, "இந்த மாசம் ஒன்னும் வராது" என்றோ சங்கத்தில் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருந்தது. கணிப்புப் பிழைத்த நாளில் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஏறுவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து றஜிதா என்ற விரிவுரையாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது. செங்குத்தான மலையாறுகளில் எவ்வளவு கல்லும் மணலும் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆற்றின் சரிவையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டார். வருடத்துக்கு ஆயிரம் கியூபுக்கு மேலே, அதாவது ஒரு லட்சம் கன அடிக்கு மேலே, கல் வரவேண்டும் என்று விடை வந்தது. இராஜேஸ்வரி வாரிக் கொட்டியதோ ஏறக்குறைய பத்துக் கியூப்.

"அக்கா, எங்கயோ பிழைச்சுப் போச்சு. உங்கட ஆத்துக்கு இருக்கிற பலத்துக்கு இது காணாது" என்றார் றஜிதா.

"பலம் இருக்குங்க மிஸ். தூக்கிட்டு வர அதுகிட்ட கல்லு இல்ல. எல்லாத்தையும் படிக புடிச்சு வச்சிருக்கு. வாங்க காட்டுறேன்."

அந்த மலையாற்றில் இருவரும் இரண்டு வருடம் ஏறி இறங்கினார்கள். முந்நூறு கற்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து மேலே போட்டார்கள். இரண்டு மழைக்காலம் கழித்துத் தேடியபோது பத்துக் கல்தான் அணைக்கு வந்திருந்தது. மற்றவை படிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. றஜிதா ஒவ்வொரு படியாக அளந்து, அங்கே தேங்கியிருப்பது நானூறு கியூபுக்குக் குறையாது என்று கணித்தார். இருவரும் சேர்ந்து சொன்னதை அவர் ஓர் அறிக்கையாக எழுதினார். பெரிய கற்கள் இருக்கும் இடத்தில் இருக்கும் வரை இந்த ஆறு வருடத்துக்குப் பத்துக் கியூபுக்கு மேலே தராது. அவற்றை யாராவது அசைத்தால் ஒரே மழையில் நாற்பது வருடத்துக் கல்லை இறக்கும். அறிக்கையில் இராஜேஸ்வரியின் பெயரும் இருந்தது. அதன் பிரதிகள் மூன்று அலுவலகங்களுக்குப் போயின. மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

கடந்த ஓகஸ்டில், கல் தோண்டும் பெக்கோ மெஷின் வந்தது.

மலை உச்சியில் ஒரு சுற்றுலா விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் தடுப்புச் சுவருக்குப் பெரிய கற்கள் தேவைப்பட்டன. வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரருக்குக் கல் பக்கத்திலேயே, ஆற்றில், சும்மா கிடந்தது. 'நீரோட்டத்துக்குத் தடையாக உள்ள கற்களை அகற்றி வெள்ளத்தைத் தடுத்தல்' என்று எழுதி ஓர் அனுமதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தப் பத்திரத்தைப் பிறகு விசாரணையில் நானே பார்த்தேன். கல்லைப் பிடித்து வைத்திருந்த படிகளுக்குத் தடை என்று பெயர். அவற்றைப் பிடுங்குவதற்கு வெள்ளத் தடுப்பு என்று பெயர்.

இராஜேஸ்வரி முதல் நாளே பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றார். கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளர் ரமேஸ், கம்பளைப் பக்கத்துப் பொடியன், கடதாசியை நீட்டினான்.

"அக்கா, இது கவர்மெண்டு பெர்மிட். நான் சம்பளத்துக்கு வேலை செய்றவன். தள்ளி நில்லுங்க."

"ஒன்னய யாரு கேட்டா? பெர்மிட்டு குடுத்தவன் இந்த ஆத்துல ஒரு நாள் கால வச்சிருக்கானா? இந்தக் கல்ல எடுத்தா பின்னாடி இருக்கிற கல்லெல்லாம் எங்க போகும்? சொல்லு!"

"அதான் இத்தன வருசமா அங்கேயே கெடக்கே, இனிமேயா வரப்போகுது?"

"கெடக்கல. புடிச்சி வச்சிருக்கு!"

ரமேஸுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் அவனுக்கு இருக்கவில்லை. மத்தியானம் பொலிஸ் வந்தது. அரச அனுமதியோடு நடக்கும் வேலைக்கு இடைஞ்சல் செய்ததாக எழுதி, எச்சரித்து அனுப்பினார்கள்.

இராஜேஸ்வரி சங்கத்தைக் கூட்டச் சொன்னார். தலைவர் முத்துலிங்கம் கூட்டத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். கோயிலைச் சுற்றி மதில் கட்டித் தருவதாகக் கொந்தராத்துக்காரர் அவரிடம் சொல்லியிருந்தது பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று சங்கத்தின் கடிதத்தாளில் அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். இராஜேஸ்வரி அவர் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்று லயமே கேட்கும்படி கத்தினார்.

"ஏன்யா, சாமிக்கு மதிலு கேட்டுச்சா? அது பாட்டுக்கு வெளிய நின்னுச்சு. கீழ் லயத்துல எட்டுக் காம்பராவுல ஆளு இருக்கு, அது ஒனக்குத் தெரியலயா?"

முத்துலிங்கம் கதவைச் சாத்திக்கொண்டார்.

றஜிதாவும் சும்மா இருக்கவில்லை. முத்திரை குத்திய மூன்று அலுவலகங்களுக்கும் போனார். ஓரிடத்தில் அறிக்கையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். இன்னோரிடத்தில், அது ஆராய்ச்சி, இது அபிவிருத்தி என்றார்கள். மூன்றாமிடத்தில் அதிகாரி லீவில் இருந்தார். பஸ் நிலையத்தில் நின்று இராஜேஸ்வரிக்குத் தொலைபேசியில் சொன்னார். "அக்கா, நான் கேக்க வேண்டிய இடமெல்லாம் கேட்டுப் போட்டன். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனா ஒருத்தரும் ஓம் எண்டும் சொல்லேல்லை."

மூன்று வாரத்தில் பத்தொன்பது படிகளைப் பிடுங்கினார்கள். பெக்கோ ஏறக்கூடிய தூரம் அவ்வளவுதான். பெரிய கற்கள் டிப்பரில் மேலே போயின. அவற்றுக்குப் பின்னால் இருந்த சின்னக் கற்கள் ஆற்றில் தளர்ந்து கிடந்தன.

ஒக்டோபரில் ஒரு சாதாரண மழை. அரை மணித்தியாலத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம் போல் மாறியது. இராஜேஸ்வரி ஏறிப் போனபோது அணை இருந்த இடமே தெரியவில்லை. பதினொரு வருடத்தில் அவர் பார்த்திராத கற்கள் கிடந்தன. பாசி படியாத, மண் ஒட்டிய கற்கள். படிக்கு அடியில், வெளிச்சமே படாமல் புதைந்து கிடந்தவை அவை. பிடுங்காமல் விட்ட மேல்படிகளும் கீழே தாங்க ஆளில்லாமல் ஒன்றொன்றாக அவிழத் தொடங்கியிருந்தன. ஒரு வருடத்துக்கு வாரும் கல்லை அந்த ஒரு கிழமையில் அவரும் நான்கு பெண்களும் வாரினார்கள்.

அன்றிலிருந்து அவர் குடும்பத்துக்கு ஓர் அறையாக ஆற்றோரத்தில் இருந்த எட்டுக் காம்பராவுக்கும் ஒவ்வொரு நாளும் போனார். பெரிய மழை வந்தால் இங்கே இருக்காதீர்கள் என்றார். மூன்று குடும்பங்கள் மேல் லயத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. மற்றவர்களுக்குப் போக இடமில்லை. கோழி, அடுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று காரணம் சொன்னார்கள். சிலர் அவர் குரல் கேட்டாலே கதவை மூடினார்கள்.

"என் கோவத்தப் பாத்துப் பழகிட்டாங்க சேர்" என்று என்னிடம் சொன்னார். "எப்பவும் கத்துறவ கத்துறா, அவ்வளவுதான்னு நெனச்சிட்டாங்க. ஒரு நாளாவது மெதுவாச் சொல்லியிருக்கணுமோ என்னமோ." பிறகு உடனே, "இல்ல, மெதுவாச் சொன்னாலும் போயிருக்க மாட்டாங்க. போக எடம் எங்க இருந்திச்சு?" என்றார்.

நவம்பர் மழை மூன்று நாள் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணியிருக்கும். இராஜேஸ்வரி கீழ் லயத்தின் பின்பக்கம் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை குறையவில்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் இறங்கியது. கரையோரக் கொய்யாமரத்தின் வேரை மூடியிருந்த தண்ணீர் ஒரு சாண் கீழே போய், இன்னும் போனது. மேலே எங்கோ கல்லும் மரமும் சேர்ந்து ஆற்றை அடைத்துவிட்டன, அந்த அடைப்பு நிற்கப்போவதில்லை என்பது அவருக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது.

கையில் இருந்த அலவாங்கால் ஐந்து காம்பராக் கதவுகளையும் அடித்துக்கொண்டே ஓடினார். திறக்காத ஒரு கதவை நெம்பித் திறந்தார். திட்டினார், இழுத்தார், ஒரு கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பத்தொன்பது பேரும் மேட்டில் ஏறிவிட்டார்கள்.

அப்போது சந்திரிகா திரும்பினாள். முப்பத்து நான்கு வயது, கொழுந்து பறிப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் கொழும்பில் வேலை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ளே இருக்கின்றன என்றாள். மூத்தவளின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையாக விழுந்துவிட்டது. அதைத் திருத்த அவள் இரண்டு வருடம் கண்டிக்கு அலைந்திருந்தாள். திருத்திய கடதாசி கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூத்தவளுக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடச் சோதனை, அதற்கு அந்தக் கடதாசி வேண்டும்.

"கையப் புடிச்சிருந்தேன் சேர்" என்றார் இராஜேஸ்வரி. "ஒதறினா. எனக்கு அப்படியொரு கோவம். 'போய்த் தொல, சுருக்கா வந்து சேரு'ன்னு விட்டுட்டேன். அதுதான் நான் அவகிட்டக் கடைசியாப் பேசினது."

அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். செத்துப்போனவள் மீது இன்னும் கோபமாக இருந்தார் என்று எனக்குப் பட்டது. அந்தக் கோபத்துக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை.

சத்தம் வந்தபோது தண்ணீர் தெரியவில்லையாம். கல்லும் மரமும் சேறும் ஒன்றாக எழுந்து ஒரு மதில் நடந்து வருவது போல் வந்ததாம். எட்டில் ஐந்து காம்பரா கூரை வரைக்கும் கல்லால் நிறைந்தது. சந்திரிகாவை இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள்.

இனி ஜனவரி மாத விசாரணை.

செயலக மண்டபத்தில் நீள மேசை, நான்கு அதிகாரிகள். எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இராஜேஸ்வரி. வெள்ளைச் சேலை, தேய்ந்த செருப்பு. அதிகாரிகளுக்கு முன்னால் ஏற்கெனவே தயாரித்த ஓர் அறிக்கையின் வரைவு இருந்தது. தலைமை அதிகாரி அதன் முதல் வசனத்தை வாசித்தார். 'முன்கூட்டிக் கணிக்க முடியாத இயற்கை அனர்த்தம்.' அதைத் தமிழில் சொல்லும்படி என்னிடம் காட்டினார். சொன்னேன்.

இராஜேஸ்வரி எழுந்து நின்றார்.

"கணிக்க முடியாதா? யாரால முடியாது? நானும் மிஸ்ஸும் கணிச்சு, எழுதி, ஒங்ககிட்ட சீலு வாங்கினோம். நாலு வருசத்துக்கு முந்தி இதைவிடப் பெரிய மழை அஞ்சு நாள் பேஞ்சிச்சு. அணையில ரெண்டு தாச்சி மணலு. ஏன்? படி இருந்திச்சு. அந்தப் படிய நீங்க பெர்மிட்டு குடுத்துக் களவெடுக்க விட்டீங்க!"

நான் மொழிபெயர்த்தேன். களவெடுக்க விட்டீர்கள் என்பதை, கற்கள் அகற்றப்பட அனுமதிக்கப்பட்டது என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படிப்பட்ட மண்டபங்களில் இருபது வருடம் வேலை செய்து பழகிய வாய். கூர்மையானதை மழுக்கிச் சொல்வது பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்த வாய்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சேர், நான் அகற்றினாங்கன்னு சொல்லல. களவெடுத்தாங்கன்னு சொன்னேன். அதச் சொல்லுங்க."

"உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"நல்லாத் தெரியும். ஆனா கோவத்துல எனக்கு என் பாஷதான் வரும். அதுக்குத்தானே ஒங்களக் கூப்பிட்டிருக்காங்க?"

நான் திருத்திச் சொன்னேன். அவர் சொன்ன சொல்லையே சொன்னேன். மேசையில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

தலைமை அதிகாரி, சாட்சியின் கல்வித் தகைமை என்ன என்று கேட்கச் சொன்னார். நான் கேட்பதற்கு முன்னாலேயே இராஜேஸ்வரி பதில் சொன்னார்.

"எட்டாம் வகுப்பு. பெர்மிட்டில கையெழுத்து வச்சவரு எத்தனாம் வகுப்பு? அவரு அந்த ஆத்துல எத்தனை படி இருக்குன்னு சொல்லட்டும், நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

அனுமதி கொடுத்தவர் அந்த மண்டபத்துக்கே வந்திருக்கவில்லை. கொந்தராத்துக்காரரின் சட்டத்தரணி மட்டும், கற்களை எடுத்திருக்காவிட்டாலும் அந்த மழைக்கு ஆறு பெருகியிருக்கும் என்றார்.

"பெருகியிருக்கும்" என்றார் இராஜேஸ்வரி. "தண்ணி வந்திருக்கும். தண்ணி வந்தா ஏறி நின்னுட்டு, வடிஞ்சதும் எறங்குவோம். வந்தது தண்ணியா? நீங்க அவுத்து விட்ட கல்லு."

அவருக்குப் பிறகு றஜிதா படங்களோடும் அளவுகளோடும் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். கடைசியில் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். கடிதத்தில் தான் கையெழுத்து வைத்ததை ஒத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

இறுதி அறிக்கை மார்ச்சில் வந்தது. 'முன்கூட்டிக் கணிக்க முடியாத' என்ற சொற்கள் அப்படியே இருந்தன. நான்காம் பக்கத்தில் புதிதாக ஒரு வசனம் சேர்ந்திருந்தது. ஆற்றுப்படுக்கையின் பெரிய கற்கள் அகற்றப்பட்டமையும் ஒரு துணைக் காரணியாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்! நான் அதை வாசித்துக் காட்டியபோது இராஜேஸ்வரி அந்தத் தாளை வாங்கி, கிழிக்கப் போகிறவர் போல் பிடித்துவிட்டு, மடித்து வைத்தார். அந்த அறிக்கையைத் திருத்தக் கோரி அவரும் றஜிதாவும் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். மனுவைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தது நான்.

ஏப்ரலில் அணையைத் திரும்பக் கட்ட ஓர் உதவி நிறுவனம் வந்தது. அதன் பொறியியலாளர் நஸீப், அக்குறணைக்காரர், ஐம்பத்தெட்டு வயது. அணையைப் பழைய இடத்திலேயே வைத்துப் படம் கீறிக்கொண்டு வந்திருந்தார்.

"இங்க கட்டினா ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார் இராஜேஸ்வரி. "மேல பதினஞ்சு படிதான் மிச்சம். அதுலயும் ஆறு ஆடுது. எல்லாம் திரும்ப இறுகிப் புடிக்க எத்தன வருசமாகுமோ. அதுவரைக்கும் கல்லு வந்துகிட்டேதான் இருக்கும். பாறைக்கு மேல கொண்டு போங்க."

"அதுக்கு இன்னும் நானூறு மீட்டர் குழாய் வேணும். மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டாங்க."

"அப்ப எதுக்குக் கட்டுறீங்க? போட்டோ புடிக்கவா?"

நஸீப்புக்கும் கோபம் வந்தது. முப்பது வருட அனுபவம் பற்றி ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே, அவரை நம்பாமல், தானே மேலே ஏறினார். இராஜேஸ்வரி பின்னால் போனார். இருவரும் வழியெல்லாம் வாக்குவாதப்பட்ட சத்தம் லயம் வரைக்கும் கேட்டதாம். இறங்கி வரும்போது நஸீப்பின் காற்சட்டை முழங்கால் கிழிந்திருந்தது. அவர் நேரே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இரண்டு கிழமை கழித்து வந்த புதிய படத்தில் அணை பாறைத்தளத்துக்கு மேலே இருந்தது. காரணம் என்ற கட்டத்தில், கள ஆய்வின்படி என்று எழுதியிருந்தது. யாருடைய கள ஆய்வு என்று எழுதவில்லை. அதற்கும் இராஜேஸ்வரி தொலைபேசியில் நஸீப்பைப் பிடித்துக் கால் மணித்தியாலம் ஏசினார்.

ஜூன் மாதம் தண்ணீர் வந்தது. அன்று முத்துலிங்கம், கல் வந்த பிறகு இராஜேஸ்வரி தங்கியிருந்த தற்காலிகக் கொட்டில் வரைக்கும் நடந்து வந்து, வாசலில் நின்று, "தங்கச்சி, நான் செஞ்சது பெரிய தப்பு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்று பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள் சொன்னார்கள். இராஜேஸ்வரி வெளியே வந்து அவரைப் பார்த்தார்.

"இத என்கிட்டச் சொல்லாதீங்க. ஹுன்னஸ்கிரியவுல, சித்தி வீட்டுல சந்திரிகா புள்ளைக இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க. பஸ் நம்பர் வேணும்னா சொல்றேன்."

அவர் போனாரா என்று கேட்டேன். ஒரு நாள் போனாராம். பெரியவள் கதவைத் திறக்கவில்லையாம்.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இராஜேஸ்வரி இன்னோர் ஆற்றில் ஒரு பெக்கோ நிற்பதைக் கண்டார். அதே கொந்தராத்துக்காரர், அதே வசனம் எழுதிய வேறோர் அனுமதிப்பத்திரம். அங்கேயே நின்று றஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தார். றஜிதா மறுநாள் அளவு நாடாவோடு வந்தார். கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கு இருவரும் வீடு வீடாகப் போனார்கள். கீழ் லயத்தின் படங்களைக் காட்டினார்கள். ஐந்தாம் நாள் காலையில் முப்பது முப்பத்தைந்து பேர், பெரும்பாலும் பெண்கள், ஆற்றில் இறங்கிக் கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பொலிஸ் வந்தது. இம்முறை அவர்கள் யாரையும் எச்சரிக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே மூன்று படிகள் போய்விட்டன. இருபத்தாறு மிச்சம். மூன்று படி போனதற்கு எவ்வளவு கல் வரும், எந்தெந்த வீடுகள் மழைக்கு முன்னால் விலக வேண்டும் என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி மீள்பரிசீலனையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பெக்கோ இன்னும் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. இராஜேஸ்வரி ஒன்றுவிட்டொரு நாள் இரண்டு பஸ் மாறிப் போய் அது அசைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்.